பூந்திக்கொட்டையும் பிஎல்ஏ ஃபைபரும்: மக்கும் துணியைத் தண்ணீர் குடிக்க வைப்பது எப்படி?

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழில் எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா தமிழ் மன்றத்து சீனியர்கள் மன்னிக்கணும்.

இந்தக் கட்டுரை எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டிலிருந்து வந்தது. ப்ராஜெக்ட் நாங்க நினைச்ச மாதிரி முடியலை. ஆனா அது ஏன் அப்படி முடியலைங்கிறதுதான் நான் இந்த நாலு வருஷத்தில் கத்துக்கிட்ட நல்ல பாடம். அடுத்த பாட்ச் இதே டாபிக்கை எடுத்தா, நாங்க முட்டின சுவரில் மறுபடி முட்ட வேண்டாம்னுதான் எழுதுறேன்.

தாம்பூலப் பையில் ஒரு சொட்டு

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். பார்த்தா துணி மாதிரி இருக்கும், ஆனா துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மெல்லிய இழைகளா இழுத்து, நெய்யாமலே சூடான உருளையில் அழுத்தி ஒட்டவைத்தது. இதுக்குப் பேர் நான்வோவன். அந்தப் பையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. உருண்டையா அப்படியே நிற்கும். பையைச் சாய்த்தால் உருண்டு ஓடிடும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கடையில் வாங்குற பெரும்பாலான சானிட்டரி நாப்கினில் உடம்பைத் தொடுற மேல் அடுக்கு, இதே பாலிபுரோப்பிலீன் நான்வோவன் வகையைச் சேர்ந்ததுதான். அதில் திரவம் உருண்டு நின்றால் நாப்கின் எதுக்கு? அதனால் தொழிற்சாலையில் அந்த அடுக்குக்கு ஒரு சர்ஃபாக்டன்ட் பூச்சு கொடுக்கிறாங்க. சோப்பு மாதிரி வேலை செய்ற பொருள்தான் சர்ஃபாக்டன்ட். நம்ம கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சு இல்லைன்னா, அந்த அடுக்கு வெறும் தாம்பூலப் பைதான்.

எங்க ஐடியா ரொம்ப சிம்பிள். பாலிபுரோப்பிலீனுக்குப் பதிலா மக்கும் பாலிமர், கெமிக்கல் சர்ஃபாக்டன்ட்டுக்குப் பதிலா இயற்கையானது. ரெண்டையும் சேர்த்தா ப்ராஜெக்ட் ரெடின்னு நினைச்சோம்.

மக்குறது வேற, நனையுறது வேற

நாங்க எடுத்த பாலிமர் பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் ஆசிட். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியா கோர்த்துச் செய்றது. தயிரைப் புளிக்க வைக்கிறதும் அதே லாக்டிக் அமிலம்தான். இதுக்கு ஒரு தம்பி உண்டு: பாலிகாப்ரோலாக்டோன், சுருக்கமா பிசிஎல். இது பெட்ரோலியத்திலிருந்து வருது, ஆனாலும் மக்கும். மருத்துவ ஆராய்ச்சியில் ரெண்டுக்கும் நல்ல பேர்.

செடியிலிருந்து வந்த பொருள், மண்ணில் மக்குற பொருள், அப்ப தண்ணீரோடும் ஒத்துப்போகும்னு நாங்க நினைச்சோம். அதுதான் முதல் தப்பு. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிஎல்ஏ வைத்துக்கொள்வது அரை சதவீதத்தை ஒட்டித்தான். அந்த விஷயத்தில் அது பருத்திக்குச் சொந்தம் இல்லை, பாலியஸ்டருக்குச் சொந்தம்.

காரணம் மூலக்கூறில் இருக்கு. பருத்தியின் செல்லுலோஸ் முழுக்க ஹைட்ராக்சில் கைகள். தண்ணீர் வந்தா கை கொடுக்கும். பிஎல்ஏ ஒரு எஸ்டர் சங்கிலி, கூடவே மெத்தில் குழுக்கள். தண்ணீருக்கு நீட்ட அதனிடம் அவ்வளவு கைகள் இல்லை. மக்குறதுங்கிறது அந்த எஸ்டர் இணைப்பு மெதுவா உடையுறது. நனையுறதுங்கிறது மேற்பரப்பு இந்த நொடியே தண்ணீரை ஏத்துக்கிறது. ரெண்டும் வேற வேற கேள்வி.

சேர்கோணம்

தண்ணீர் ஒரு பரப்பை எவ்வளவு விரும்புதுன்னு அளக்க ஒரு கோணம் இருக்கு. காண்டாக்ட் ஆங்கிள். தமிழ் மீடியம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இதுக்குச் சேர்கோணம்னு அழகான பேர் இருக்கு, எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். சொட்டின் ஓரம் பரப்போடு சேர்கிற இடத்தில், தண்ணீருக்குள்ளே அளக்கும் கோணம் அது. 90 டிகிரிக்குக் கீழே இருந்தா நீர் விரும்பும் பரப்பு, மேலே இருந்தா நீர் வெறுக்கும் பரப்பு. 1805-ல் தாமஸ் யங் இதுக்கு அடிப்படை போட்டார்.

பிஎல்ஏ-வைத் தட்டையான ஃபிலிமாக வார்த்து அளந்தா சேர்கோணம் 80 டிகிரி பக்கம் வரும். பார்டர் பாஸ் மாதிரி. ஆனா அதே பிஎல்ஏ-வை நுண்ணிய இழைகளாக்கி விரிப்பா செய்தா கோணம் 120 டிகிரிக்கு மேலே ஏறிடும். பொருள் ஒண்ணுதான், வடிவம்தான் மாறிச்சு. எப்படி?

இழைகளுக்கு நடுவில் காற்று மாட்டிக்குது. சொட்டு இழைகளின் உச்சியிலும் காற்றின் மேலும் உட்கார்ந்திருக்கு. காற்றைத் தண்ணீர் எப்படி நனைக்கும்? அதனால் உருண்டுக்குது. 1944-ல் இதை எழுதிக் காட்டிய கேசியும் பாக்ஸ்டரும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் துணி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவங்க. அதாவது இந்தக் கணக்கு பிறந்ததே துணியைப் பார்த்துத்தான். தாமரை இலைத் தண்ணீர் போலன்னு நாம பழகிப் பேசுறோமே, அங்கேயும் இதே கதைதான். இலை மேல் இருக்கும் நுண்ணிய மேடுகளும் மெழுகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாயிண்ட்: இழையா மாறும்போது பரப்பின் குணம் பெரிதாகித் தெரியும். கொஞ்சம் தண்ணீரை வெறுத்தா ரொம்ப வெறுக்கிற மாதிரி ஆகும். கொஞ்சம் நல்லா விரும்ப வைத்துட்டா, அதே இடுக்குகள் தண்ணீரைச் சர்ருன்னு உள்ளே இழுக்கும். அதனால்தான் ஒரு துளி சர்ஃபாக்டன்ட் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டுது.

நம்ம ஊர் மில்லுக்கு இது பழைய பாடம்

புதுச்சேரிக்காரங்களுக்கு இந்தப் பிரச்சினை புதுசு இல்லை. இங்கிருந்து நீலச் சாயம் போட்ட கினே துணி பிரெஞ்சு வணிகர்கள் மூலமா ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போனது. பிறகு பெரிய மில்கள் வந்தது. கடலூர் ரோட்டில் எல்லாரும் ரோடியர் மில்லுனு சொல்ற ஏஎஃப்டி 1898-ல் தொடங்கி 2020-ல் மூடினது. எங்க தெருவில் அந்த மில்லைப் பத்திப் பேசாத பெரியவங்க குறைவு.

தறியிலிருந்து வரும் கோரா துணியில் தண்ணீர் ஊத்தினா உடனே ஊறாது. பருத்திதானே, ஏன் ஊறலை? பருத்தி இழையின் மேல் இயற்கையா ஒரு மெழுகுப் படலம் இருக்கு. இழையின் எடையில் அது ஒரு சதவீதம்கூட வராது, ஆனா தண்ணீரைத் தடுக்க அதுவே போதும். அதுக்கு மேல் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வேற. கஞ்சியை எடுத்து, காரத்தில் வேகவைத்து, மெழுகை நீக்கின பிறகுதான் சாயம் ஏறும். தொழில்முறை சாயத் தொட்டிகளில் நனைப்பதற்கு ரொம்ப காலமா பயன்பட்ட பொருள் டர்க்கி ரெட் ஆயில். பேரைப் பார்த்து பயப்படாதீங்க. ஆமணக்கு எண்ணெயைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் செய்றது, 19-ம் நூற்றாண்டிலேயே வந்துட்டது.

ஆக, பருத்தியில் உள்ளே விருப்பம், மேலே வெறுப்பு. மெழுகை எடுத்தா வேலை முடிஞ்சது. பிஎல்ஏ-வில் உள்ளேயும் வெறுப்பு, மேலேயும் வெறுப்பு. எடுக்க ஒண்ணுமில்லை, எதையாவது சேர்க்கணும்.

அப்ப பேசாம பருத்தியையே வைக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்தில் ஆரோவில்லில் ஈக்கோஃபெம் 2010-லிருந்து துவைத்துப் பயன்படுத்தும் பருத்தித் துணி நாப்கின் செய்றாங்க. அது ஒரு நல்ல வழி. ஆனா ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் நாப்கினில் மேல் அடுக்குக்கு வேற வேலை. திரவத்தைக் கீழே அனுப்பிட்டு, தான் காய்ந்திருக்கணும். பருத்தி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கும். உள்ளே தண்ணீரை வெறுத்து, தோல் மட்டும் விரும்பும் இழைதான் இதுக்குச் சரி. கிரிக்கெட் ஜெர்சி வியர்வையில் ஒட்டாம இருக்கிறதும் இதே டெக்னிக். எங்களுக்கு வேண்டியது பிஎல்ஏ-வின் மனசை மாத்துறது இல்லை, முகத்தை மட்டும் மாத்துறது.

ஆயா சொன்ன பூந்திக்கொட்டை

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு ரெண்டு பக்கம். தலை தண்ணீரை விரும்பும், வால் வெறுக்கும். பிஎல்ஏ இழை மேல் அது வந்து உட்காரும்போது வால் இழைப் பக்கம், தலை வெளியே. வரும் தண்ணீர் பார்க்கிறது தலையை மட்டும்தான். கூடவே தண்ணீரின் பரப்பு இழுவிசையும் குறையும். சுத்தமான தண்ணீருக்கு 25 டிகிரி செல்சியஸில் அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்.

எதை எடுக்கலாம்னு நாங்க வீடியோ காலில் பேசிட்டிருந்ததை ஆயா கேட்டுட்டாங்க.

"இதுக்கா இவ்ளோ யோசிக்கிறீங்க? பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டை போடுவோமே, நுரை பொங்குமே, அதைப் போட்டுப் பாருடி."

பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் அரை கிலோ வாங்கினோம். பூந்திக்கொட்டையில், சீயக்காயில் இருக்கும் நுரைக்குக் காரணம் சப்போனின். லத்தீனில் சோப்புக்கான வார்த்தையிலிருந்து வந்த பேர். எண்ணெய் மாதிரி ஒரு பெரிய வளைய எலும்புக்கூடு, அதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். சர்க்கரைதான் தலை. நல்ல பூந்திக்கொட்டைச் சாறு தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72-லிருந்து 40, 50 பக்கம் இறக்கிடும்.

சாறு எடுத்தோம், வடிகட்டினோம், பிஎல்ஏ நான்வோவன் துண்டை முக்கி நிழலில் காயவைத்தோம். ஒரு சொட்டு விட்டா, உருண்டு நின்ன தண்ணீர் சப்பையாகிப் பரவி உள்ளே இறங்கிடுச்சு. லேபில் நாலு பேரும் கத்தினோம். ரிவ்யூவுக்கு வீடியோகூட எடுத்தாச்சு.

மேம் கேட்ட ரெண்டு கேள்வி

முதல் ரிவ்யூவில் எங்க கைடு மேம் வீடியோவைப் பொறுமையா பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "நல்லாருக்குப்பா. ரெண்டாவது சொட்டு விட்டீங்களா? கழுவிட்டு விட்டீங்களா? அப்புறம், இது ரத்தம் படுற இடம்தானே, சப்போனின் ரத்தத்தை என்ன பண்ணும்னு படிச்சீங்களா?"

மூணுக்குமே பதில் இல்லை.

முதல் கேள்விக்கு அன்னைக்குச் சாயங்காலமே விடை கிடைச்சது. துண்டைக் குழாயில் ரெண்டு மூணு தடவை அலசிக் காயவைத்து சொட்டு விட்டா, பழையபடி உருண்டை. சப்போனின் தண்ணீரில் நல்லா கரையும். வேகமா நனைக்க உதவுற அதே குணம்தான் முதல் தண்ணீரிலேயே அதைக் கழுவி அனுப்புது. இதை எண்ணால் சொல்ல ஹெச்எல்பி-னு ஒரு அளவுகோல் இருக்கு, 1949-ல் கிரிஃபின் கொண்டு வந்தது. அந்த முறையில் எண் 0-லிருந்து 20 வரை போகும். எண் கூடினா தலை பெரிசு, தண்ணீரில் சுலபமா கரையும். குறைஞ்சா வால் பெரிசு, எண்ணெய்ப் பக்கம் ஒட்டும். சப்போனின் மேல் பக்கம் வரும். சீக்கிரம் நனைக்கிறதா, ரொம்ப நேரம் நிற்கிறதா? ரெண்டும் எதிர் எதிர் பக்கம் இழுக்கும். இந்தத் துறையில் எல்லா முடிவும் இந்த இழுபறிக்குள்ளதான்.

ரெண்டாவது விஷயம்தான் பெரிசு. சப்போனின் சிவப்பணுக்களை உடைக்கும். சிவப்பணுவின் உறையில் கொலஸ்ட்ரால் இருக்கு, சப்போனின் போய் அதோடு ஒட்டி ஓட்டை போட்டுடும். ரத்தப் பரிசோதனை லேபில் சிவப்பணுவை வேண்டுமென்றே உடைக்கச் சப்போனினைப் பயன்படுத்துறதும் உண்டு. பூந்திக்கொட்டையை அரைத்துத் தண்ணீரில் கலந்து மீன் பிடிக்கிற பழக்கமும் இருந்திருக்கு, மீனின் செவுளைத்தான் அது முதலில் தாக்கும். இதையெல்லாம் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது சின்ன வயசு எண்ணெய்க் குளியல். சீயக்காய் கண்ணில் பட்டு கத்தினது. அன்னைக்கே எனக்கு டேட்டா கிடைச்சிருக்கு, நான்தான் நோட் பண்ணலை.

இதனால் பூந்திக்கொட்டை விஷம்னு சொல்ல வரலை. தலைக்குத் தேய்ச்சா உடனே கழுவிடுறோம், புடவையிலும் அலசிடுறோம். நாப்கினின் மேல் அடுக்கு மணிக்கணக்கா மென்மையான தோலை ஒட்டி இருக்கும். காயத்துக்குப் போடும் கட்டா இருந்தா நேரா திறந்த புண்ணிலேயே இருக்கும். பொருள் ஒண்ணு, ஆனா எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது மாறுது. ஐஎஸ்ஓ 10993 வரிசைத் தரங்களில் செல்லைக் கொல்லுதா, தோலை எரிக்குதா, ரத்தத்தை உடைக்குதான்னு தனித்தனி சோதனை இருக்கிறது இதுக்குத்தான். நாங்க அதுவரைக்கும் "இயற்கை"ங்கிற ஒரு வார்த்தையைச் சோதனை ரிப்போர்ட் மாதிரி ஸ்லைடில் போட்டிருந்தோம்.

முட்டை மஞ்சள் கருவில் இருந்த பதில்

அடுத்து மேம் கைகாட்டின பொருள் லெசித்தின். சாக்லேட் கவரைத் திருப்பிப் பாருங்க, சோயா லெசித்தின்னு எழுதியிருக்கும். 1840-களில் முட்டை மஞ்சள் கருவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். மஞ்சள் கருவுக்கான கிரேக்க வார்த்தையிலிருந்து அவரே பேரும் வைத்தார்.

லெசித்தினின் முக்கியப் பகுதி பாஸ்போலிப்பிட். ஒரு தலை, ரெண்டு நீளமான வால். நம்ம உடம்பின் ஒவ்வொரு செல்லின் உறையும் இந்தக் குடும்பம்தான். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிப்போகாம இருக்கக் காரணமும் இதே வகைச் சர்ஃபாக்டன்ட். குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு மூச்சுத் திணறல் வருவது அது போதாததால்தான்னு 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினாங்க. உடம்புக்கு இது அந்நியம் இல்லை.

இழைக்கு இது ஏன் பொருத்தம்? ரெண்டு வால் இருக்கிறதால் பாலிமருக்குள் நல்லா ஊன்றிக்கும். தண்ணீரில் சப்போனின் மாதிரி கரைஞ்சு ஓடாது. தலையில் பிளஸ், மைனஸ் ரெண்டு சார்ஜும் இருக்கிறதால் தண்ணீரை நல்லா பிடிக்கும். பிஎல்ஏ, பிசிஎல் ரெண்டிலும் லெசித்தின் கலந்து இழை எடுத்த ஆராய்ச்சிகள் வெளியாகியிருக்கு. கலக்கும் அளவு கூடக்கூட சேர்கோணம் இறங்குது, செல்கள் நல்லா ஒட்டி வளருதுங்கிறதுதான் அவற்றின் பொதுவான முடிவு.

லெசித்தினும் மகான் இல்லை. அதன் வால்களில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றுபட்டு சிக்கல் வாடை அடிக்கும், பழுப்பாகும். ஹைட்ரஜன் ஏத்தின லெசித்தின் வாங்கினா இது குறையும். சோயாவில் புரோட்டீன் மிச்சம் இருந்தா சிலருக்கு அலர்ஜி வரலாம். நுண்ணுயிர்களுக்கும் அது நல்ல சாப்பாடு.

பாக்டீரியா, ஈஸ்ட் செய்யும் ராம்னோலிப்பிட், சோஃபோரோலிப்பிட்னு இன்னொரு கூட்டமும் இருக்கு. சர்க்கரைத் தலை, கொழுப்பு வால். ராம்னோலிப்பிட்டைப் பெரும்பாலும் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா நோய் உண்டாக்கும் பாக்டீரியா என்பதால் சுத்திகரிப்பில் கவனம் தேவை. ஸ்டூடண்ட் பட்ஜெட்டில் அதை நாங்க தொடலை.

எப்படிச் சேர்ப்பது: மூணு வழி

1. மேலே பூசுவது. இழை தயாரான பிறகு கரைசலில் முக்கலாம், தெளிக்கலாம், உருளையால் தடவலாம். ரொம்ப மலிவு. எவ்வளவு உறுதியா நிற்கும்ங்கிறதுதான் கேள்வி.

2. உள்ளே கலப்பது. பாலிமரோடு சேர்த்தே இழை எடுப்பது. இங்கேதான் வெப்பநிலை வில்லன். பிஎல்ஏ உருகுறது 150–180 டிகிரி செல்சியஸ் பக்கம், உருக்கி நூற்கும்போது 200-க்கு மேலேயும் போகும். அந்தச் சூட்டில் பூந்திக்கொட்டைச் சாறு கருகும், லெசித்தினும் கறுக்கும். பிசிஎல் 60 டிகிரி பக்கம் உருகிடும், அது பிழைக்கும்.

3. சூடே இல்லாம மின்சாரத்தில் நூற்பது, எலெக்ட்ரோஸ்பின்னிங். பாலிமரையும் லெசித்தினையும் கரைப்பானில் கரைத்து, சிரிஞ்சில் ஏத்தி, 10–20 கிலோவோல்ட் கொடுத்தா, ஊசி முனையிலிருந்து தாரை பறந்து, காய்ந்து, நானோமீட்டர் கணக்கிலான இழையா வந்து படியும். சர்ஃபாக்டன்ட் இங்கே டபுள் வேலை செய்யும். கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மின் கடத்தலைக் கூட்டி, இழையில் மணி மணியா முடிச்சு விழுறதைக் குறைக்கும். அளவு மீறினா இழை கொழகொழத்து வலு போயிடும். கரைப்பானா குளோரோஃபார்ம் போட்டா, அது மிச்சமில்லாம போச்சான்னும் பார்க்கணும். பச்சை ப்ராஜெக்ட்னு பேர் வைத்துட்டு அதை மறைக்கக் கூடாது.

காயக்கட்டு, திசு வளர்க்கும் சட்டம் மாதிரி சின்ன, விலை உயர்ந்த பொருளுக்கு மூணாவது வழி. லட்சக்கணக்கில் போகும் நாப்கினுக்கு முதல் வழிதான் நடைமுறை. எங்க ப்ராஜெக்ட்டும் கடைசியில் லெசித்தின் பூச்சுக்குத் திரும்பினது. அலசின பிறகும் சொட்டு இறங்கினது. பூந்திக்கொட்டை அளவுக்கு வேகமா இல்லை, ஆனா ரெண்டாவது சொட்டும் இறங்கினது. செல் சோதனைக்கு எங்களிடம் வசதி இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் "பாதுகாப்பானது"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "சோதிக்கப்பட வேண்டியது"ன்னு எழுதினோம். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

எப்படி அளக்கணும்

சேர்கோணம் மட்டும் போட்டா போதாது. துணி குடிக்கும் வேகத்தை அது சொல்லாது. நான்வோவனுக்கு ஐஎஸ்ஓ 9073-ன் 8-ம் பகுதி இருக்கு: குறிப்பிட்ட அளவு செயற்கைச் சிறுநீர் மேல் அடுக்கைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளக்கும். 13-ம் பகுதி அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும். மேம் கேட்ட "ரெண்டாவது சொட்டு" கேள்வி அதுதான், அதுக்கு ஒரு சர்வதேசத் தரமே இருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது. நம்ம நாட்டில் சானிட்டரி நாப்கினுக்கு ஐஎஸ் 5405 இருக்கு, முதலில் அதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க.

மிச்சம் இருக்கிற உண்மை

மேல் அடுக்கை மட்டும் மாத்தினா நாப்கின் மக்கிடாது. உள்ளே திரவத்தைப் பிடித்து வைக்கும் பாலிஅக்ரிலேட் ஜெல், அடியில் பாலிஎத்திலீன் ஷீட் ரெண்டும் அப்படியே இருக்கும். பிஎல்ஏ-வும் நம்ம தோட்டத்து மண்ணில் சீக்கிரம் மக்காது. கிட்டத்தட்ட 58 டிகிரி சூடு இருக்கும் தொழிற்சாலைக் கம்போஸ்ட் வேணும். புதுச்சேரி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் குப்பைத் தொட்டி அந்தச் சூட்டில் வாரக்கணக்கா இருக்காது. நனையும் இழைக்குள் தண்ணீர் சுலபமா போறதால் எஸ்டர் உடையுறது கொஞ்சம் வேகமாகலாம், ஆனா சூட்டுக்கு அது மாற்று இல்லை.

அப்ப இதெல்லாம் வீணா? இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் யாராவது ஒருத்தர் சரி பண்ணினாத்தான் முழுசும் சரியாகும். இழை மக்கி, அதன் மேல் பூச்சு மக்காம இருந்தா அது பாதி வேலை. நாங்க எடுத்தது அந்தப் பாதியில் ஒரு பாதி.

நீங்களே செய்து பாருங்க

ஒரு தாம்பூலப் பையை மூணு துண்டா வெட்டுங்க. நாலஞ்சு பூந்திக்கொட்டையின் விதையை எடுத்துட்டு, தோலை ஒரு டம்ளர் வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கசக்கி வடிகட்டுங்க. முதல் துண்டு அப்படியே இருக்கட்டும். மற்ற ரெண்டையும் சாற்றில் முக்கிக் காயவைங்க. அதில் ஒண்ணை மட்டும் குழாயில் நல்லா அலசி மறுபடி காயவைங்க. இப்ப மூணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, பக்கவாட்டில் செல்போனை வைத்து ஃபோட்டோ எடுங்க. கோணத்தை ஸ்கேலும் புரொட்ராக்டரும் வைத்தே அளக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் அஞ்சு இடத்தில் அளந்து சராசரி எடுங்க. சாறு கண்ணில் படாம பார்த்துக்கோங்க, ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

ரிசல்ட்டை ஆயாகிட்ட சொன்னப்ப அவங்க சொன்னது: "பட்டுக்குப் போடுன்னுதான்டி சொன்னேன், புண்ணுக்குப் போடுன்னா சொன்னேன்?"

அதுவும் சரிதான். ஜூனியர்ஸ், இந்த டாபிக்கை யாராவது எடுக்கப் போறீங்கன்னா எங்க ரிப்போர்ட்டும் மிச்சம் இருக்கிற கால் கிலோ பூந்திக்கொட்டையும் உங்களுக்காக லேப் அலமாரியில் காத்திருக்கு. முதல் நாளே ரெண்டாவது சொட்டை விட்டுப் பார்த்துடுங்க.